ஒற்றைக் கையில் தூக்கிய பியானோ

என் பழைய மரப் பியானோவை நகர்த்த நாலு பேர் வேண்டும். அதனாலேயே யாரும் அதை இரவல் கேட்டதில்லை.

போன வாரம் அதை விற்றுவிட்டு டிஜிட்டல் பியானோ வாங்கினோம். "லேசானதா வாங்கிக்க, உனக்கு முதுகு வலி இருக்குல்ல" என்றார் கணவர். கடையில் ஒற்றைக் கையால் தூக்கியும் பார்த்தார். நெகிழ்ந்துபோனேன்.

இன்று ஆபீஸிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பினால், வீட்டில் ஸ்டாண்ட் மட்டும் நிற்கிறது. அதில் என் ஹெட்போன் தொங்குகிறது.

"மன்னார்புரத்துல நம்ம ஃப்ரெண்டு ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருக்கான்ல, அவன் எடுத்துட்டுப் போயிருக்கான். ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிஞ்சதும் தந்துடுவான். பாவம், ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டிருந்தான்" என்றார்.

ரெண்டு மாசமாக. பியானோ வாங்கியது போன வாரம்.

உங்கள் வீட்டில் உபயோகமில்லாத ஆட்டுக்கல் இருந்தால் சொல்லுங்கள். பியானோ திரும்பி வந்ததும் அதோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்.