அப்பன் வழி வரவேண்டியது

எலியக்காவின் கை பட்டால் குட்டி தங்காது என்று கூண்டு கழுவுகிறவர் காவலாளியிடம் சொன்னாராம். காவலாளி வாயிலாகத்தான் அது எலியக்காவின் காதுக்கே வந்து சேர்ந்தது.

ஆய்வுக்கூடத்து எலி அறையைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள். கணவர் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசுவது எலிகளிடம்தான். "நகருடி மகாராணி, படுக்கைய மாத்தணும்" என்பாள். மகாராணி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

குட்டிகள் செத்தது உண்மை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ஒரு மரபணு மூளையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்தாள். மரபணுவின் இரு பக்கமும் அடையாளம் வைத்திருந்தது. அந்த அடையாளம் பார்த்து மரபணுவை வெட்டியெடுக்கும் நொதி மூளையில் மட்டுமே உண்டாகும். மற்ற உறுப்புகளில் மரபணு அப்படியே இருக்கும். ஆனால் மூன்று மாதமாகப் பாதிக் குட்டிகள் ஒருநாள்கூடத் தாங்கவில்லை. மூளையில் இது இல்லாவிட்டால் உயிரே இல்லை என்று மாணவி பூரித்துப்போனாள். இன்று நான்கு மணிக்கு வெளியூர்க் கூட்டத்தில் அதைத்தான் அறிவிக்கப்போகிறாள்.

"உங்க பேரையும் போட்டிருக்கேன் அக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். எலியக்காவின் பெயர் இதுவரை எதிலும் அச்சாகி வந்ததில்லை.

கைராசிப் பேச்சு முள்ளாகத் தைத்தது. தன்மேல் தப்பில்லை என்று காட்ட, மதியம் சாப்பிடாமல் பழைய கூண்டு அட்டைகளைப் புரட்டினாள். நொதி அப்பன் எலி வழியாகத்தான் வரவேண்டும். தாய் வழியாக வந்தால் அது மூளையோடு நிற்காமல் கருமுட்டையிலேயே இருந்து, குட்டியின் உடம்பு முழுக்க வெட்டிவிடும். மூன்று மாதத்துக்கு முன் நொதி உள்ள கிழட்டு ஆண் செத்திருந்தது. வேலை நின்றுவிடக் கூடாதே என்று, நொதி உள்ள அதன் மகளுக்கு வேறொரு ஆணை ஜோடி சேர்த்திருந்தாள். அட்டையில் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மாணவிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

அழுக்குக் கூண்டுகளை எடுக்க வந்த கூண்டு கழுவுகிறவர், ஏன் முகம் இப்படி என்று கேட்டார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. என் கை பட்டுத்தான் செத்திருக்கு." அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "விடுங்கக்கா. வாயத் திறந்தா உங்க வேலைதான் போகும். செத்த எலியா சாட்சி சொல்ல வரப்போகுது?"

"அந்தப் பொண்ணு அத்தன பேர் முன்னாடி, மூளையாலதான் செத்துச்சுன்னு பொய் சொல்லப் போகுதே. பொய்யின்னு தெரியாமலே."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மணி மூன்று நாற்பது. ஐந்தாவது தடவையாக எண்ணை அழுத்தினாள். கூண்டுக்குள் மகாராணி காகிதம் கிழித்துக்கொண்டிருந்தது. போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.