அண்ணன் படுத்துக்கொண்ட வண்டி

வண்டியிலேயே குடியிருப்பது இப்போது பலருக்கு ஆசையாக இருக்கிறது. கைப்பேசியில் காட்டுகிறார்கள். கடலோரமாக ஒரு வேன் நிற்கும், பின்கதவு திறந்திருக்கும், ஒரு பெண் காப்பிக் குவளையோடு கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ஒரு நாய் வேறு. அவளுக்கு முழங்கால் வலி இருக்காது. கூடவே அறுபது வயது அண்ணனும் இருக்கமாட்டார். நான் வேன் தேடியது ஆசைப்பட்டு அல்ல. எங்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை.

அண்ணனுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஆறடி உயரத்தில் நடமாடினால் எப்படியோ அப்படி. என்னை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வரிசையாக வரும் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று போட வேண்டும். கண்ணை நம்பிப் பிழைத்தவள். ஜெலுத்தோங் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேரும் ஒரு மாதிரியாகக் காலத்தை ஓட்டினோம். அண்ணனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்கவைப்பதும் அம்மா. சம்பாதிப்பது நான்.

தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது என்னையும் ரிஜெக்ட் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த வருடமே அம்மாவும் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் தாய்க்கும் கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன்தான். அண்ணனுக்குத் தலையை மழித்து, வேட்டி கட்டி, கீழே நின்ற சவ வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வண்டியில் போவதென்றால் அவருக்குக் கொண்டாட்டம். சிரித்துக்கொண்டே சன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார். எங்கள் சனத்தில் பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் இல்லை. எங்கள் எல்லை ஃபிளாட்டின் கீழ்த்தளம்தான். மாலை தொங்கிய வண்டியின் பின்புறத்தை மட்டும் பார்த்தேன். அது திரும்புவதற்குள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள், வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று. பெற்ற தாய்க்கு நான் செய்த கடைசிக் காரியம் தரை கழுவியது.

மின்சுடலையில் சடங்கு முடிந்ததும் அண்ணனிடம், "திரும்பிப் பாக்காம வா" என்று சொல்லி, சித்தப்பாவின் காரில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அதுவும் வழக்கம்தான். ஆனால் அண்ணன் கணக்கு வேறு. அம்மாவோடு வேனில் போனார், அம்மா இல்லாமல் காரில் வந்தார். வேன் இன்னும் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அவர் படுக்கவே மறுத்தார். வாசல் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கண் செருகும், தலை கம்பியில் இடிக்கும், மறுபடி விழித்துக்கொள்வார். கீழே கொஞ்சம் பெரிய வண்டி எது வந்தாலும் கிரிலை உலுக்கி, "வண்டி வந்துருச்சி, தொறங்க" என்று கத்துவார். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை அவரைத் தள்ளாடவைத்ததே தவிரப் படுக்கவைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் பொறுத்துப் பார்த்தார்கள். அவர்களும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னபோது அவர்மேல்கூடப் பெரிய கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

வாடகை வீட்டுக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, "இண்டியன் ஆ?" ஆமாம் என்றால், "சாரி லா, ஆள் வந்துட்டாங்க." அடுத்த நாள் அதே வீட்டு விளம்பரம் அப்படியே இருக்கும். சரி, நம்மவர் வீடாகப் பார்ப்போம் என்று போனேன். அந்த அம்மா தேத்தண்ணி கொடுத்தார், எந்த ஊர் பூர்வீகம் என்று விசாரித்தார், அம்மா செத்ததற்கு உச்சுக் கொட்டினார். அண்ணனைப் பார்த்ததும், "நம்ம ஆளுங்கதான், ஆனா பாருங்க, எங்க வீட்ல பொம்பளப் புள்ளைங்க இருக்கு" என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இண்டியனா என்று கேட்டவர்களாவது போனிலேயே முடித்துக்கொண்டார்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் தம்பி ஒரு வழி சொன்னான். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது, அண்ணனை அங்கே சேர்த்துவிடு, நீ ஒரு ரூம் எடுத்துக்கொள். போய்ப் பார்த்தேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள். பினாயில் வாடை. அண்ணன் வயதில் ஒருவரைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, "விழுந்துருவாரும்மா" என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான். ஆனால் கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் அண்ணனையும் அப்படித்தான் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஒரு நாள்கூட அவர் கையைக் கட்டியதில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வாய்விட்டு அழுதேன்.

வேன் யோசனை அங்கேதான் வந்தது. ஃபிளாட்டில் கத்தினால் ஃபிளாட்டை நகர்த்த முடியாது. வண்டியில் கத்தினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

தொழிற்சாலை கொடுத்த பணத்தில் கருமாதிச் செலவு போக மிச்சம் இருந்ததுதான் முதலீடு. அதற்குள் வேண்டியது என்னவென்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அண்ணன் காலை மடக்காமல் நீட்டிப் படுக்க வேண்டும். நான் நிமிர்ந்து நிற்காவிட்டாலும் குனிந்தாவது நடமாட வேண்டும். காற்று வர வேண்டும், புகை வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் அதில் படுக்கச் சம்மதிக்க வேண்டும். படுக்காவிட்டால் வேனிலும் அதே கூத்துதான், கடைசியில் அந்த இரும்புக் கட்டில்தான். அதனால் போன இடத்துக்கெல்லாம் அவரையும் கூட்டிப்போனேன்.

முதலில் பார்த்தது நிஜமான வீட்டு வண்டி. வெளிநாட்டிலிருந்து வந்தது. அடுப்பு, குளியலறை, மடித்து விரிக்கும் கட்டில் எல்லாம் இருந்தது. விற்கிற பையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "அங்கிள், ட்ரை பண்ணிப் பாருங்க" என்றான். அண்ணன் கழிவறையில் தண்ணீரை மறுபடி மறுபடி இழுத்துவிட்டு இறங்கிவிட்டார். விலையைக் கேட்டு நானும் இறங்கிவிட்டேன். அடுத்தது காய்கறி வியாபாரி ஒருவரின் பெட்டி லாரி. சன்னலே இல்லை, வெங்காய வாடை. கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்றதும் இருட்டைக் கண்டு அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதற்கடுத்து, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய பழைய வேன் ஒன்று. மலிவுதான். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், கீழே ரோடு தெரிந்தது. ரிஜெக்ட்.

மாதக் கடைசி நெருங்கியபோது, எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில் பாகான் டாலாமில் ஒரு பட்டறையில் வேன் இருப்பதாகத் தெரிந்து ஃபெரி ஏறிப் போனோம். பட்டறைக்காரர் நம்மவர், என்னைவிட இளையவர். புதிதாக வெள்ளைச் சாயம் அடித்த வேனைத் தட்டிக் காட்டினார்.

"ஒரே ஓனர்க்கா. வேகமாவே ஓட்டுனது கெடையாது. பக்கத்துல பக்கத்துல போய்ட்டு வந்துச்சி, அவ்ளோதான்."

நல்ல நீளம். உயர்ந்த கூரை. பின்பக்கத்துக்கென்றே தனி ஏர்கோன், கைவைத்தால் சில்லென்று அடித்தது. ஒரு ஓரமாக நீள பெஞ்சு. தரை முழுக்கத் துருப்பிடிக்காத தகடு, நடுவில் இரண்டு தண்டவாளம்போல ஏதோ ஓடியது. இது என்னவென்று கேட்டேன்.

"சாமான் ஏத்தி எறக்கக்கா. தள்ளுனா சல்லுனு உள்ள போகும்."

எனக்கு ஒரே சந்தோஷம். தண்டவாளத்தின்மேல் பலகை போட்டால் அண்ணனுக்குக் கட்டில் ஆயிற்று. எனக்குப் பெஞ்சு. அடுப்பைப் பின்கதவுப் பக்கம் வைக்கலாம் என்று மனதுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்ல வண்டி இந்த விலைக்கு ஏன் நிற்கிறது என்று என் பூதக்கண்ணாடிக் கண்ணுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் உள்ளே இருந்தார். யாரும் கூப்பிடாமல் ஏறியிருந்தார். பெஞ்சின் ஒரு மூலையில் உட்கார்ந்து தண்டவாளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் நேராகப் படுத்துக்கொண்டார்.

"பாப்பா, அம்மா வண்டி" என்றார்.

கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை வந்தது. அம்மா போன பிறகு அவர் உடம்பு தரையில் சாய்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிரலாம்னுதான்கா இருந்தேன்."

"எப்போ? நானும் இதுலயே போய்ச் சேந்த பொறகா?"

"பூசணிக்கா ஒடச்சி எல்லாம் செஞ்சாச்சிக்கா. தீவுப் பக்கம் ஈமச்சடங்கு செய்யறவரு புது வண்டி எடுத்துட்டாரு, இத தள்ளிவிட்டுட்டாரு. இதுல போனவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் கொற சொன்னதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன், பிறகு அழுகையாக ஆகிவிட்டது. அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மாவைக் கொண்டுபோன அதே வண்டிதானா என்று நான் கேட்கவில்லை. எல்லாச் சவ வண்டியிலும் இதே தண்டவாளம்தான் இருக்குமோ என்னவோ. உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைத்தான் ஏற்றவில்லையே. ஏற்றியிருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும், வாசலிலிருந்தே திரும்பியிருப்பேன். அண்ணனும் இன்றைக்கு இரும்புக் கட்டிலில் இருந்திருப்பார்.

வாங்கினேன். தம்பி போனில் குதித்தான். "சவ வண்டிலயா குடும்பம் நடத்துவ? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றான்.

"அந்த நாலு பேருல யாராச்சும் ஒரு ரூம் குடுக்கச் சொல்லு, எறங்கிக்கிறேன்" என்றேன். போனை வைத்துவிட்டான்.

இப்போது தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறோம். பொதுக் கழிவறை இருக்கிறது. தைப்பூசம் நெருங்கினால் மலைக்கோயில் கூட்டத்துக்குப் பயந்து தெலுக் பாஹாங் பக்கம் நகர்ந்துவிடுவோம். வெயிலில் தகடு கொதிக்கும். மழை பெய்தால் கதவைத் திறக்க முடியாது, அண்ணனுக்கு அவசரம் என்றால் வாளிதான், பிறகு அந்த வாடையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பூங்காவில் நடக்க வரும் சீனப் பெண்மணி ஒருவர், "ஹோலிடே ஆ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் சனம் யாராவது வந்தால் பின்கதவைச் சாத்திவிடுவேன். ஒரு முறை சாத்த மறந்துவிட்டேன். எட்டிப் பார்த்த ஒருவர் தண்டவாளத்தைக் கண்டுகொண்டு, எச்சில் துப்பிவிட்டு நகர்ந்தார். எனக்குப் பின்னால் அண்ணனை யார் பார்ப்பது என்பதை நான் யோசிப்பதில்லை. யோசித்தால் மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது.

அண்ணன் கத்துவதில்லை. கிரில் இல்லை, உலுக்குவதற்கும் ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, பலகையில் நேராகப் படுத்துவிடுவார். அது தூங்குவதற்காக அல்ல, புறப்படுவதற்காக.

"போலாமா பாப்பா? அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

முதல் நாள் அவர் கேட்டதும் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அம்மா இல்லை என்று சொன்னால் எழுந்துவிடுவார், எழுந்தால் மறுபடி படுக்கமாட்டார். எஞ்சினைத் தட்டினேன். வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தினேன்.

"ஜேமா இருக்குண்ணே" என்றேன். "பாலத்துல ஒரே ஜேம். வண்டியே நவுரல."

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். அவர் சலித்துக்கொண்டதே இல்லை. போன வாரம் மட்டும், நான் பெஞ்சில் சாய்ந்தபோது, கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்ல பாப்பா, மெதுவாவே போலாம். அன்னிக்குத்தான் ஒன்ன ஏத்தல. இப்பதான் நீயும் இருக்கியே."

டீசல் எரிந்துகொண்டிருந்தது. அவர் தூங்கும்வரை நான் எஞ்சினை அணைக்கவில்லை.