ஐந்தரை மணி வேன்

வேன் ஓட்டுகிறவளுக்குக் கண் ரோட்டில் இருக்கும், காது பின் சீட்டில் இருக்கும். மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து எஸ்டேட்டுகளில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் பிஸ்கட் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். படித்ததை எழுத வழியில்லை, காதில் விழுந்ததை எழுதுகிறேன். வெளியே ஒரு வேலை, வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை என்று ஓடுகிற உங்களுக்கு இதில் புதுசாக எதுவும் இருக்காது.

டிரைவர் வரட்டும்

வேன் வாங்கிய முதல் வாரம். ஒரு பெரியவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்துப் பார்த்தார். மகளை ஏற்றிச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தார். அப்புறம் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "கிளம்பட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"அவசரமில்லம்மா, டிரைவர் வரட்டும். அதுவரைக்கும் நான் துணைக்கு நிக்கிறேன்" என்றார்.

சொல்லிக் கொடுத்தவள்

என் பக்கத்து முன் சீட்டு ஸ்டெல்லாவுக்கு. கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருஷம். பேக்கிங் மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். புதிதாக வருகிற பையன்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் சொல்லிக் கொடுப்பாள். ஆறு மாதத்தில் அந்தப் பையன் லைன் லீடர் ஆகி, அவளையே அதட்டுவான். அப்படி நாலு பேர்.

நாலாவது பையனுக்கு அப்புறம் அவள் மானேஜரிடமே போய், "என்னை ஏன் சார் போடல?" என்று கேட்டுவிட்டாள். மானேஜர் தங்கமான மனுஷன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் பதில் சொன்னாராம்.

"உன்னை லீடராப் போட்டுட்டா, வர்ற லீடருக்கு யாரும்மா வேலை சொல்லிக் கொடுக்கிறது?"

மகளிர் தினம்

ஒரு வருஷம் கம்பெனியில் மகளிர் தினம் கொண்டாடினார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, பெண்கள் வேலைக்கு வந்தால்தான் குடும்பம் நிமிரும், குடும்பம் நிமிர்ந்தால்தான் நாடு நிமிரும் என்று பேசினாராம். பொய்யில்லை. எஸ்டேட் லயத்து வாசலில் என் வேனுக்குக் காத்து நின்றவர்களில் அஞ்சு பேர் இப்போது தாமான் குடியிருப்பில் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒற்றைச் சம்பளத்தில் அது நடக்காது.

ஆண்கள் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். சாப்பாடு பரிமாறுவது பெண்கள் பொறுப்பு. திரும்பி வரும்போது, பேச்சு எப்படி என்று பின் சீட்டுக் கமலாவைக் கேட்டேன்.

"பாதிதான் கேட்டேன்க்கா. குடும்பம் நிமிர்ற வரைக்கும் நின்னேன், அப்புறம் மீ கோரெங் நூடுல்ஸ் தீந்துபோச்சு, எடுக்க உள்ள போயிட்டேன்."

எல்லாரையும் கேட்டேன்

போன வருஷம் அந்த நாலாவது லீடர் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். கைவசம் வேறு பையன் இல்லை. மானேஜர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். வேலை உனக்குத்தான், ஆனால் லீடர் ஆறேகால் வரை இருந்து அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும், உன் வேன் ஐந்தரைக்கே போய்விடுகிறதே என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வெளியாளைப் போடுவோம் என்றும் சொன்னார்.

அந்த ரோட்டில் அதற்கப்புறம் பஸ் கிடையாது. அவள் புருஷன் அந்தோணி, வந்து ஏற்றிக்கொள்ள முடியாது என்றுவிட்டார். ஐந்தரை என்பது முதல் வருஷம் வீட்டு ஆண்கள் கூடிப் பேசி வைத்த நேரம். அப்போதுதான் இருட்டுவதற்குள் உலை வைக்க முடியும். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. இவ்வளவு காலம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தவள், ஸ்டெல்லாவுக்குக் குறுக்கே நிற்பது என் வேன்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேனை ஓரங்கட்டினேன். "ஸ்டெல்லாவுக்காக தினமும் முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். சம்மதமா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல அவரு பசி தாங்க மாட்டாருக்கா" என்றாள் கமலா.

"வேணாம்லா, வண்டிய எடுங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி சீட்டு முனியம்மா அதிகம் பேசாதவள். சர்க்கரை வியாதிக்காரி. லைனை விட்டு எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் லீடரிடம் அட்டை கேட்டு வாங்க வேண்டும். அவள்தான் பேசினாள்.

"எம் மவன் வயசுப் பையன்கிட்ட ஒரு நாளைக்கு ஆறு தடவ அட்டைக்குக் கைய நீட்டிக்கிட்டிருந்தேன். வேனுக்குள்ள உக்காந்து காத்திருக்கிறது எனக்குக் கஷ்டமில்ல."

அதுக்கப்புறம்

ஒவ்வொருத்தியாகச் சரி என்றார்கள். கமலா கடைசியாகச் சொன்னாள், ஆனால் சொன்னாள். ஸ்டெல்லா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை வேன் ஆறேகாலுக்குக் கிளம்பியது.

அந்த வாரம் முழுக்க ஆண்கள் எனக்குப் போன் அடித்தார்கள். பெண்டாட்டியிடம் கேட்க முடியாததை டிரைவரிடம் கேட்கலாம் போலிருக்கிறது. ஒருத்தர் வேனுக்கு என்ன ரிப்பேர் என்றார். இன்னொருத்தர் போலீசில் சொல்லலாமா என்றார். புதன்கிழமை அந்தோணி போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று நானும் தயாராக இருந்தேன். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, ரெண்டு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணி?"

ஒரு பெண் வேலையில் மேலே வரத் திறமை வேண்டும், அனுபவம் வேண்டும், அதற்கும் மேலே பன்னிரண்டு வீட்டில் சோறு முக்கால் மணி நேரம் பிந்தி வேக வேண்டும்.