அருவிக்குக் கொண்டுபோன பூரி எழுத்து

கள்ளக்குறிச்சியில் பேனர் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. என் கம்ப்யூட்டரில் உப்பி உருண்டு, தொந்தியும் தொப்பையுமாக ஓர் எழுத்து உண்டு. கடையில் அதைப் பூரி எழுத்து என்போம். காதுகுத்து, சிக்கன் பக்கோடா, ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றுக்கும் அதுதான். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் தொடமாட்டேன்.

கரியாலூர்ப் பக்கம், அருவிக்குப் போகும் வழியில் என் தம்பி டீக்கடை வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரிப் பையன் அருவிக்குக் கீழே இருக்கும் குட்டையில் குதித்தான், உயிரோடு வரவில்லை. தூக்கிவந்தவர்களில் தம்பியும் ஒருவன். அதிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கமில்லை. அங்கே ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஒல்லிக்குச்சி எழுத்து, கட்டுரை நீளத்துக்கு. குளிக்க வருகிறவன் அதையா நின்று படிப்பான்?

“திரும்பிப் பாக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கா” என்றான் தம்பி.

‘ஆழம்! குதிக்காதே!’ என்று பூரி எழுத்தில், மஞ்சளும் சிவப்புமாக அடித்தேன். என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். “சாவற எடத்துல இன்னாத்துக்கு இந்தப் பொறந்தநாள் எழுத்து?”

“படிச்சாத்தானே பொழைப்பான்?” என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும், பையன்கள் குதிக்கிற பாறையை ஒட்டிய இரண்டு மரங்களில் அதை இழுத்துக் கட்டினோம். முதலில் வந்த ஒரு குடும்பம் நின்று படித்துவிட்டுத் திரும்பிப் போனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பைக்கில் ஒரு கூட்டம் வந்தது. “டேய், எழுத்தப் பார்றா, செம!” பேனருக்கு முன்னால் தோளில் கைபோட்டு நின்றார்கள். ஒருவன் போனைப் பிடித்தான். பேனர் முழுசாகப் படத்துக்குள் விழவில்லை போல, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் பாசி வழுக்கும் பாறை. அதற்கும் பின்னால் குட்டை.

கத்தினால் திடுக்கிட்டு வழுக்கிவிடுவான். கத்தாவிட்டாலும் இன்னும் இரண்டடிதான். அத்தனை பேரும் நான் எழுதியதைப் படித்திருந்தார்கள். ஒருவன்கூடக் குதிப்பதாக இல்லை.

தம்பி பக்கவாட்டில் மெல்லப் போனான். டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில், “போனக் குடுங்க, நான் எடுக்கறேன். நீங்களும் போய் நில்லுங்க” என்று கையை நீட்டினான்.

பையன் சிரித்தபடி போனைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான். அவன் மண்ணில் கால் வைத்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். தம்பி இருந்த இடத்திலிருந்தே படம் எடுத்துக் கொடுத்தான்.

“இன்னாண்ணா, படமெல்லாம் ஆடிப்போய்க் கெடக்குது! இன்னொண்ணு எடுங்க.”

தம்பி விலகிப் போனான். மரத்தடியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டான். அவனை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த எழுத்துக்கு வா என்று கூப்பிடத்தான் தெரியும். போ என்று துரத்தத் தெரியாது. டீக்கடை வாசலில் கட்டியிருக்க வேண்டியதை இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறேன்.

பேனர் கட்டக் கொண்டுவந்திருந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

“ஏங்க்கா கழட்டறீங்க? நல்லாக்கீதே!” என்றான் போன் வைத்திருந்த பையன்.

“நல்லாக்கீதுன்னுதான்டா கழட்டறேன்” என்றேன்.