மூன்றாம் முறை அழுத்தியபோது

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் குமிழ் கிடக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியிலிருந்து கழன்றது. மருமகள் அதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் வீடே அதிரக் கத்திவிட்டுப் பொறுக்கி எடுத்து வந்தேன். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று செனாவாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதனின் விலா எலும்புகளை நான் உடைத்தது இந்தக் குமிழால்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

மலாயாவில் அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகள் அவை. ரெம்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும், யாருக்கு உண்மையில் நோய், யார் வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். என் சீட்டு இல்லாமல் ஒருவரும் லயத்து வீட்டில் படுத்திருக்க முடியாது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் வேலி வாசலில் நிறுத்தி, கைகளைத் தூக்கச் சொல்லி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்த பிறகே ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வெளியே விட்டார்கள். தயங்கியவனுக்குத் துப்பாக்கிக் கட்டையால் இடி. அதில் ஆண், பெண் பார்த்ததில்லை.

அவர்கள் வருவதற்கு முன்பே எங்களுக்கு அடி பழக்கம்தான். அதற்கு எங்களை வேலை வாங்கும் மண்டோர் இருந்தார். வெட்டு மரத்தில் ஆழமாக இறங்கினால் அடி, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அடி. கையில் பிரம்பு, வாயில் ஓயாத சிகரெட். “வாயால சொன்னா காதோட போயிரும், கையால சொன்னாத்தான் மண்டையில ஏறும்” என்பார். ஒருமுறை, காய்ச்சலில் நடுங்கிய ஒரு பெண்ணுக்கு அவரைக் கேட்காமல் ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பெரட்டில், தோட்டமே வரிசையில் நிற்க, என் கன்னத்தில் அறைந்தார். “என்னைக் கேக்காம எழுதுவியா? நீ என்னா பெரிய டாக்டரா லா?” என் மனைவியும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். ஒரு வாரம் காது இரைந்தது. மனசு அதற்குப் பிறகும் அடங்கவில்லை.

அந்த மனிதருக்குத்தான் உடம்பு விட்டுப்போனது. குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இமைகள் பாதிக் கண்ணை மூடின. வாய் காய்ந்து சதா தண்ணீர் கேட்டார். இருமல் பழைய இருமல், அதை யாரும் கவனிக்கவில்லை. சம்சு குடித்துக் குடித்துக் கெட்டுவிட்டார் என்று லயத்தில் சொல்லிச் சிரித்தார்கள். எங்களை மிதித்த கால் தானே மடங்குகிறது என்று ஒரு கிழவி காறித் துப்பினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒருநாள் அவரே என் முன் வந்து உட்கார்ந்தார். “கையி காலு சொன்ன பேச்சு கேக்கல தம்பி. செரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு.” அதுவரை அவர் என்னைத் தம்பி என்றதில்லை.

டிரெஸ்ஸர்கள் நாங்கள் நடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். குமிழைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பாதரசத்தைக் கீழே இறக்கிவிட்டு, மூன்று முறை அழுத்தச் சொல்வோம். உண்மையான நோயாளிக்கு வரவரப் பலம் குறையும். நடிப்பவன் முதல் முறை தளர்வாகப் பிடிப்பான். போகப்போக மறந்துபோய் இறுக்கிவிடுவான். மண்டோர் முதல் முறை அழுத்தியபோது பாதரசம் கொஞ்சம்தான் ஏறியது. இரண்டாம் முறை கூடியது. மூன்றாம் முறை எகிறியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் கன்னம் சுட்டது. நோயேட்டில் ‘நடிப்பு’ என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது இருந்த இனிப்பு இன்னும் என் வாயில் இருக்கிறது.

அடுத்த நாள் காலை வேலி வாசலில் அவரும் நின்றார். நான் மருந்துப் பெட்டியோடு இரண்டு பேருக்குப் பின்னால் நின்றேன். கையைத் தூக்கு என்றான் கான்ஸ்டபிள். மண்டோரின் கைகள் இடுப்புக்கு மேல் வரவில்லை. திமிர் என்று நினைத்து வயிற்றில் கட்டையால் இடித்தான். மடங்கி விழுந்தவரை மயிரைப் பிடித்து நிமிர்த்தி, மறுபடியும் தூக்கச் சொன்னான். மண்டோர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கைகள் மார்பு வரை வந்தன. வாயில் ஒரு குத்து. ரத்தம் தாடையில் வழிந்தது. மறுபடி முயன்றார். இந்த முறை இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன.

“இப்ப மட்டும் எப்படித் தூக்குது?” என்று மலாயில் கத்திய கான்ஸ்டபிள், என் பக்கம் திரும்பினான். “டிரெஸ்ஸர், இவனுக்கு நோயா?”

மண்டோரும் என்னைப் பார்த்தார். பாதி மூடிய கண்கள்.

“நோய் இல்லை” என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்தி எண்ணி அடித்ததுபோல் விலாவில் மட்டும் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வரிசையில் சிலர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றது.

உடைந்த விலாவுக்காகத்தான் அவரைச் செரம்பானுக்குக் கொண்டுபோனோம், லாரியில், நானே தாங்கிப் பிடித்துக்கொண்டு. எக்ஸ்ரேயில் விலாவுக்குப் பின்னால் நுரையீரலில் புற்று தெரிந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நுரையீரல் புற்று சிலருக்குத் தசைகளையும் இப்படித் தளர்த்திவிடும், முதல் முயற்சியில் கை எழாது, முயல முயலக் கொஞ்ச நேரத்துக்குப் பலம் வரும், பிறகு விழுந்துவிடும். மேல்நாட்டில் இப்போதுதான் இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். எதை நடிப்பு என்று எழுதினேனோ அதுதான் நோயின் அடையாளம்.

கட்டிலருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கவே போனேன். அவர்தான் பேசினார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “நோயி இல்லேன்னு நீ சொன்னியே தம்பி, அப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சி லா. கையி தூக்கிருச்சே, நாமதான் நடிக்கிறோமோன்னு.”

அறைந்ததற்கு அவர் வருத்தம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதத்துக்குள் போய்விட்டார்.

போன வாரம் மருமகள் குமிழைக் கையில் எடுத்துக் கேட்டாள். “இதை ஏன் மாமா இப்படிக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?”

“ஒரு ஆளை அடிச்சது அது” என்றேன்.

“ரப்பரு போயி எப்படி அடிக்கும் லா” என்று சிரித்துக்கொண்டே அழுத்திப் பார்த்தாள். காய்ந்து கல்லாகியிருந்தது; அமுங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். மூன்றாம் முறை அழுத்துவதற்குள் நான் அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.