கீழே விழுந்த ரொட்டி

பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தது குன்சுலுதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஷிம்கெந்த் நகரச் சந்தையின் பின்சந்தில், தேநீர்க்கடைக்கு ரொட்டி இறக்க நேரமாகிவிட்டதே என்ற பதைப்பில் ரிவர்ஸ் கியரைப் போட்டவள், வலது கண்ணாடியை மட்டும்தான் பார்த்தாள். இடப்பக்கம் அவளுக்கு வழிவிட்டு நின்றிருந்த பழைய லாடா காரின் முன்பக்கம் நசுங்கியது. வேனின் பின்கதவு திறந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு ரொட்டிகள் தெருவில் உருண்டன.

அவள் ஏற்கெனவே இரண்டு முறை வண்டியை இடித்தாயிற்று. மூன்றாவதும் உன் தப்பு என்று வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று ரொட்டிக்கடை முதலாளி மஸ்தூரா போன மாதம்தான் சொல்லியிருந்தாள். புருஷன் முதுகு ஒடிந்து படுத்த நாளிலிருந்து, இந்த வேன் ஓடினால்தான் குன்சுலு வீட்டில் அடுப்பு எரியும்.

லாடாவிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். எர்னாசர் என்று பெயர். கூட்டம் கூடியது, போக்குவரத்துப் போலீஸ்காரரும் வந்துவிட்டார். காகிதங்களைக் கேட்டார். குன்சுலு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினாள். எர்னாசர் சட்டைப்பையைத் தடவினார், காருக்குள் தேடுவதுபோல் குனிந்தார், கடைசியில் தலையைத் தொங்கப்போட்டார். இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதமாகிவிட்டதாம்.

அவ்வளவுதான், சந்தையே தீர்ப்பு எழுதிவிட்டது. இளிச்சவாயன் தலை கிடைத்தால் மிளகாய் அரைக்க ஆளுக்கா பஞ்சம்? அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு தர்ப்பூசணி அடுக்கிய புண்ணியவான்கூட, பெரியவர்தான் வேகமாக வந்து மோதினார், என் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னான். என் வண்டி நின்றுகொண்டிருந்தது என்று எர்னாசர் மூன்று முறை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"இன்சூரன்ஸ் கட்டாத ஆளுக்கு நியாயம் வேற கேக்குதா?" என்றான் தர்ப்பூசணிக்காரன்.

போலீஸ்காரர் குன்சுலு பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. அவர் வந்துதான் இடிச்சாரா?"

அவள் தலை லேசாக, ஆமாம் என்பதுபோல் ஆடியது. அந்த ஆட்டத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. ஆனால் படுத்திருக்கும் புருஷனை நினைத்தால் அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. போலீஸ்காரர் எழுத ஆரம்பித்தார். லைசென்சும் பறிபோய்விடும் பெரியவரே, என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

இத்தனை சச்சரவிலும் ஒருவரும் ரொட்டியை மிதிக்கவில்லை. ஆளுக்கொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி, முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, மதில்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ரொட்டியை எர்னாசர் எடுத்தார். மதில்மேல் வைக்காமல் நேரே குன்சுலுவிடம் வந்தார்.

"தங்கச்சி, இதைப் பிடி. பிடிச்சுக்கிட்டு, இந்தக் கிழவன்தான் வந்து இடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்."

பெற்ற பிள்ளைமேல் பொய்ச்சத்தியம் பண்ணுகிறவன்கூட அந்த ஊரில் ரொட்டியைத் தொட்டுப் பொய் சொல்லமாட்டான். ரொட்டி அடித்துவிடும் என்பார்கள். குன்சுலு வாங்கிக்கொண்டாள். அடிப்பக்கம் இன்னும் சூடு ஆறவில்லை.

"உங்க வண்டி நின்னுக்கிட்டுதாண்ணே இருந்துச்சு," என்றாள். "நான்தான் பாக்காம இடிச்சேன்."

போலீஸ்காரர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். தர்ப்பூசணிக்காரனுக்குத் திடீரென்று வியாபாரம் நினைவுக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் கட்டாததற்கான அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு எர்னாசர் காரில் ஏறினார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்?

கடைக்குத் திரும்பி, மாவுப் பலகைமேல் சாவியை வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள் குன்சுலு. மஸ்தூரா எகிறினாள்.

"அந்தாளுகிட்ட இன்சூரன்சே இல்லைங்கற. வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா முடிஞ்சிருக்குமேடி?"

"ரொட்டியைக் கையில குடுத்துட்டாருக்கா."

"எந்த ரொட்டி?"

"நம்ம ரொட்டிதான்."

மஸ்தூரா சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். குன்சுலு தலையாட்டிவிட்டு வாசல்வரை போய்விட்டாள்.

"எங்கடி போற?" மஸ்தூரா தன் கைகளிலிருந்து ரொட்டி சுடும் நீளமான அடுப்புக் கையுறைகளைக் கழற்றிப் பலகையில் போட்டாள். "காலையில நாலு மணிக்கு அடுப்பு வேலைக்கு வந்துடு. சூடு தாங்குவியா?"

"தாங்குவேன்க்கா," என்றாள் குன்சுலு.