அக்கா கடையை இடித்த அன்று

கொடைக்கானல் ஏறும் வழியில், பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நடத்தியவர் ஒரு அக்கா. பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றி வரும் லாரிகளில் மூட்டை தூக்கிய காலத்தில் அங்கேதான் சாப்பிட்டேன். பிறகு ஊர் ஊராகத் திரிந்தபோதும், மலை ஏறினால் முதலில் அங்கேதான் இறங்குவேன். குழம்பில் பூண்டு முழுசு முழுசாகக் கிடக்கும். அடுப்பை ஒட்டி ஒரு பெஞ்சு. மழையில் நனைந்து வருகிறவனுக்குத்தான் அது. காய்ந்த ஆள் உட்கார்ந்திருந்தால் அக்கா விடமாட்டார்.

"எந்திரிங்க சார், ஒங்க சட்டை இப்பத்தான் தேச்சுப் போட்ட மாதிரி இருக்கு. அந்தாளு நடுங்குறாரு பாருங்க."

காரில் வந்தவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். ஸ்வெட்டர் இல்லாத நான் பல மழைக்காலங்களை அந்தப் பெஞ்சில்தான் ஓட்டினேன்.

போன வருடம் கட்டடம் கைமாறியது. கடையை மூடச் சொல்லிவிட்டார்கள். அப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன்; சேதி மட்டும் வந்தது. அந்த வேலை போய்க் கொடைக்கானல் திரும்பிய வாரம், நாயுடுபுரத்தில் ஒரு மேஸ்திரி இடிப்பு வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று கேட்காமல் வண்டியில் ஏறினேன். இறக்கிவிட்ட இடம் அக்கா கடை. கண்ணாடிச் சுவர் வைத்துக் காபி ஷாப் வரப்போகிறதாம்.

திரும்பிப் போயிருக்கலாம். கையில் வேறு வேலை இல்லை. தகரம் இறக்கினேன், சுவர் இடித்தேன். அடுப்பை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வெளியே கல் சுமந்தேன். அக்கா இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்துவிட்டார், பாத்திரம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. கூடையைத் தலையில் வைத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏலே, நீயா? எப்ப வந்த? தலையில என்னத்தடா சொமக்குற, என் கடையவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மற்ற ஆட்களும் சிரித்தார்கள்.

"தெரியாம வந்துட்டேங்க்கா."

வண்டியை விட்டு இறங்கும்வரை அது உண்மை.

"சரி விடு. சாப்டியா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார். இல்லையென்று சொன்னால் போடுவதற்கு அங்கே சோறும் இல்லை, சட்டியும் இல்லை. சாப்பிட்டேன் என்றேன்.

மேஸ்திரி கத்தினார்: "அடுப்பு அப்படியே கெடக்கு! வெரசா முடிங்கப்பா!"

அக்கா வேலைக்கு வைத்திருந்த தண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அடுப்புக்குள் ஊற்றினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ ஒடை," என்றார் என்னிடம். "அவனுங்க மிதிச்சுக்கிட்டே அடிப்பானுங்க."

"நான் வேணாங்க்கா."

"வேற யாருடா? நீதான இதுல அம்புட்டுக் குளிர் காஞ்ச?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மட்டியை எடுத்தேன். அடுப்பின் வாய் உடைந்து ஈரச் சாம்பல் காலில் கொட்டியது. நான் நிமிரவில்லை.

"அந்த மூலையில அடி. அங்கதான் மண்ணு கெட்டி," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

அங்கே அடித்தேன்.